உறைபனி வயலும் விறகு சுமந்த முதியவரும்

சித்திரம் கண்ணுக்கு உரியது. வானொலி செவிக்கு உரியது. ஒன்றற்கு உரியதை மற்றொன்றின் வழியாக வழங்க முற்படுதல் எளிதான செயலன்று. எனினும், இன்று நான் எடுத்துக்கொண்ட சித்திரத்தைச் சொல்லால் வருணித்தல் அத்துணைக் கடினமாகாது என நம்புகின்றேன். அதில் அரசர் இலர், தேவர் இலர், போர்க்களமும் இல்லை. உள்ளவை ஒரு வயல், ஒரு பாதை, ஒரு முதியவர், சில நிழல்கள். இவ்வளவு எளிய சித்திரம் 1874ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் மக்கள் முன் வைக்கப்பட்டபோது, கற்றோர் சிலர் நகைத்தனர். வேறு சிலர் கண்டித்தனர். அவர்கள் எதனைக் கண்டு நகைத்தனர், எதனைக் கண்டித்தனர் என ஆராய்ந்து பார்ப்போமாயின், மனப்பதிவுவாதம் என்று வழங்கும் சித்திர மரபின் உயிர்நிலை நமக்கு விளங்கும்.

சித்திரத்தின் பெயர் 'உறைபனி' என்பது. அதனைத் தீட்டியவர் கமில் பிசாரோ. தீட்டிய ஆண்டு 1873. எண்ணெய் வர்ணத்தால் ஆகிய அச்சித்திரம் ஏறத்தாழ 93 சென்ரிமீற்றர் அகலமும் 65 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. நடுத்தரமான ஒரு மேசையின் பரப்பளவுதான். இன்று அது பாரிஸ் நகரின் ஓர்சே நூதனசாலையில் இருக்கின்றது. அந்நூதனசாலை 1900ஆம் ஆண்டிலே புகையிரத நிலையமாகக் கட்டப்பெற்று, 1986ஆம் ஆண்டிலே நூதனசாலையாகத் திறக்கப்பெற்றது.

நேயர்கள் மனத்திலே ஒரு நீள்சதுரத்தை வரைந்துகொள்ளுங்கள். அதன் மேற்பாகத்தில் வெளிறிய நீல வானம் தெரிகின்றது. எஞ்சிய பெரும்பகுதி முழுவதும் நிலமே. உழுது விட்ட வயல் நம் காலடியிலிருந்து தொடங்கி மெல்லச் சரிந்து மேலேறுகின்றது. உழவுச் சால்கள் சாய்வாக ஓடுகின்றன. மண்ணின் மஞ்சளும் கபிலமும் புல்லின் பசுமையும் கலந்து கிடக்க, அவற்றின்மேல் வெண்மை படிந்துள்ளது. வயலினூடே ஒரு பழைய பாதை செல்கின்றது. அது போந்துவாஸ் என்னும் ஊரிலிருந்து என்னெரி என்னும் கிராமத்துக்குச் செல்லும் பழம்பாதை. இடப்பக்கமாக, அப்பாதையிலே ஒரு முதியவர் முதுகில் விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு, ஊன்றுகோலுடன் நடந்துகொண்டிருக்கின்றார். வயலின் குறுக்கே நீண்ட நிழல்கள் கிடக்கின்றன. அந்நிழல்களுக்கு உரிய மரங்களைத் தேடினால், அவை சித்திரத்தில் எங்கும் இல்லை.

இந்தக் காட்சிக்கு உரிய பொழுது ஒன்று உண்டு. மேகமற்ற குளிரிரவிலே நிலம் தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்துவிடுகின்றது. நீர் உறையும் நிலைக்கும் கீழே நிலம் குளிர்ந்துவிடின், அதனைத் தொடும் காற்றிலுள்ள நீராவி, நீராக மாறாமலே நேரே பனித் துகளாய்ப் படிகின்றது. நம் நாட்டிலும் நுவரெலியாவில் தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளிலே புற்றரை வெளுத்துக் கிடப்பதையும், அதனால் தேயிலைக் கொழுந்து கருகுவதையும் மலையகத்தார் நன்கு அறிவர். கதிரவன் சற்று மேலேறியதும் இப்பனி மறைந்துவிடும்; நிழல் விழும் இடத்தில் மாத்திரம் இன்னுஞ் சிறிது நேரம் தங்கி நிற்கும். ஆகவே, பிசாரோ தெரிந்துகொண்ட வேளை மிகக் குறுகியது. நிழல் நீண்டிருக்க வேண்டும். வெயில் வந்திருக்க வேண்டும். பனி போகாதிருக்கவும் வேண்டும். நாளில் ஒரு நாழிகை அளவே நிலைக்கும் காட்சி அது.

இத்தகைய கணநேரக் காட்சியைச் சித்திரத்துக்குரிய பொருளாகக் கொள்வதே அக்காலத்திற் புதுமையானது. பிரான்ஸ் தேசத்திலே அரசாங்கத்தின் ஆதரவுடன் நடைபெற்று வந்த பெருங் கண்காட்சிக்குச் 'சலோன்' என்று பெயர். எந்தச் சித்திரம் அங்கே வைக்கப்பட வேண்டும் என்பதை ஒரு நடுவர் குழு தீர்மானித்தது. புராணக் கதைகளும் வரலாற்று நிகழ்ச்சிகளும் உயர்ந்த பொருள்களாகக் கொள்ளப்பட்டன. நிலக்காட்சி அவற்றுக்குக் கீழ்ப்பட்டதாகவே மதிக்கப்பட்டது. நிலக்காட்சியைத் தீட்டுவோரும் வெளியிலே சிறு மாதிரிகளைத் தீட்டிக்கொண்டு, அவற்றை வைத்துத் தம் கூடத்தினுள் இருந்து பெரிய சித்திரத்தை முடிப்பது வழக்கம். அங்கே நிழல் என்றால் கபிலமும் கறுப்புமாகவே அமையும். மேற்பரப்போ தூரிகையின் தடம் தெரியாதபடி கண்ணாடிபோல் மெருகேற்றப்படும்.

அம்மரபிலிருந்து விலகிச் செல்வதற்குச் சில வசதிகளும் துணைபுரிந்தன. 1841ஆம் ஆண்டிலே அமெரிக்கராகிய ஜோன் றான்ட் என்பவர் வர்ணத்தை அடைத்து வைப்பதற்குரிய வெள்ளீயக் குழாய்க்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதன் பின்னர் ஆயத்தமான வர்ணங்களைப் பையிலிட்டுக்கொண்டு வயல்வெளிக்குச் செல்லுதல் இலகுவாயிற்று. 1839ஆம் ஆண்டிலே ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர், ஒரு நிறம் தன் அயலிலுள்ள நிறத்தால் வேறாகத் தோன்றும் விதத்தை விரிவாக ஆராய்ந்து நூல் வெளியிட்டிருந்தார். செம்மஞ்சள் நிறத்தின் அருகே வைத்த சாம்பல் நிறம் சற்று நீலமாகத் தோன்றும் என்பது அவ்வாராய்ச்சி வழி நாம் அறியத்தக்க ஓர் உண்மை.

இனி, 1874ஆம் ஆண்டுக்கு வருவோம். சலோனின் வாயிலிலே காத்து நின்று சலிப்புற்ற சித்திரகாரர் சிலர் தாமே ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். மோனே, ரெனுவார், தெகா, செசான், பெர்த் மொரிசோ ஆகியோர் அதிற் சேர்ந்தனர். சங்கத்துக்கு விதிகள் வேண்டுமல்லவா? போந்துவாஸ் ஊரிலே பாண் சுடுவோர் அமைத்திருந்த சங்கத்தின் விதிகளை முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்று யோசனை கூறியவர் பிசாரோ. சித்திரம் தீட்டுவோனும் பாண் சுடுவோனைப் போல ஒரு தொழிலாளியே என்ற அவரது எண்ணம் இதனால் வெளிப்படுகின்றது.

நாடார் என்னும் புகைப்படக் கலைஞர் முன்னர்ப் பயன்படுத்திய கூடத்திலே, சித்திரை மாதம் 15ஆந் திகதி தொடங்கி ஒரு மாத காலம் அக்கண்காட்சி நடைபெற்றது. ஏறத்தாழ 30 கலைஞரின் 165 படைப்புகள் அங்கே வைக்கப்பட்டன. நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்கு. பிசாரோ ஐந்து சித்திரங்களை வைத்தார். அவற்றுள் ஒன்று 'உறைபனி'. அதே கண்காட்சியில் மோனே வைத்த சூரியோதயச் சித்திரத்தின் தலைப்பிலே மனப்பதிவு என்ற சொல் இருந்தது. அச்சொல்லைப் பற்றிக்கொண்டு ஏளனமாக இடப்பட்ட பெயரே பிற்காலத்தில் அம்மரபினர்க்கு நிலைத்த பெயராயிற்று.

ஏளனஞ் செய்தவர் லூயி லெருவா என்னும் பத்திரிகையாளர். பழைய மரபிலே ஊறிய ஒரு கற்பனைச் சித்திரகாரரைத் தம்முடன் கண்காட்சிக்கு அழைத்துச் செல்வதுபோல அவர் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினார். அக்கிழவர் பிசாரோவின் வயலுக்கு முன்னே வந்து நின்றதும், தம் மூக்குக் கண்ணாடி அழுக்கடைந்துவிட்டதென்று எண்ணி அதனைத் துடைத்துப் போட்டுக்கொள்கின்றார். மீண்டும் பார்த்தும் தெளிவு பிறக்கவில்லை. உழவுச் சால் என்றும் உறைபனி என்றும் சொல்லப்படுபவை, வர்ணத் தட்டிலிருந்து சுரண்டியெடுத்த எச்சங்களை அழுக்குச் சீலையிலே அப்பியவை போலல்லவா இருக்கின்றன என்று அவர் அலறுகின்றார்.

மற்றொருவர் காஸ்தன்யாரி. அவர் பகைவரல்லர், பிசாரோவின் ஆற்றலை ஏற்றுக்கொண்டவர். ஆயினும் அவர் இரண்டு குறைகளை எடுத்துரைத்தார். சட்டத்துக்கு வெளியே நிற்கும் மரங்களின் நிழலைச் சித்திரத்தினுள் விழவிட்டது பெரும் பிழை என்பது ஒன்று. காய்கறித் தோட்டங்களிலும் கோவா போன்ற சமையற்கறிகளிலும் பிசாரோ வைத்திருக்கும் விருப்பம் இரங்கத்தக்கது என்பது மற்றொன்று.

இம்மூன்று குற்றச்சாட்டுகளையும் நாம் எளிதிலே தள்ளிவிடலாகாது. மூவகையானும் அவை பிசாரோ உண்மையிலே செய்த ஒன்றைச் சுட்டிக்காட்டுகின்றன. அவர் செய்ததை அவர்கள் சரியாகவே கண்டனர். ஏன் செய்தார் என்பதைத்தான் காணவில்லை.

முதலாவது, சுரண்டியெடுத்த எச்சம் என்பது. பிசாரோ வர்ணத்தைத் தடிப்பாகவும் கரடுமுரடாகவும் சிறுசிறு தீற்றல்களாகவும் வைத்துள்ளார் என்பது மெய். உழுத மண்ணை நாம் நினைவுகூர்வோமாக. அதன் மேற்பரப்பு மெருகானதா? கட்டி பட்டும் பிளந்தும் கிடப்பதன்றோ? அதன்மேற் பனித் துகள் படிந்து, ஒவ்வொரு கட்டியும் ஒரு பக்கம் வெயிலையும் மறுபக்கம் நிழலையும் ஏற்று நிற்கும்போது, கண்ணுக்குத் தோன்றுவது ஒரே நிறமன்று. நூறு நிறத் துணுக்குகள். அருகே நின்று நோக்கினால் வர்ணத் துணுக்குகளாகவே தோன்றும் அச்சித்திரம், நாலடி பின்வாங்கி நின்றால் பனி மூடிய வயலாகிவிடும். துணுக்குகளைக் கலந்து வயலாக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணிடமே விட்டுவிட்டார் பிசாரோ.

நிழலின் நிறத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். பள்ளி மாணவரிடம் நிழலின் நிறம் யாது என்று வினவினால், தயக்கமின்றிக் கறுப்பு என்பர். அவர்களை முற்றத்துக்கு அழைத்துச் சென்று மரநிழலைப் பார்க்கச் சொன்னால், சிறிது நேரம் பேசாது நிற்பர். நிழலுக்குள்ளும் மண் மண்ணின் நிறமாகவே கிடக்கின்றது. வெயில் நேரே படாத அவ்விடத்துக்கு வானத்தின் ஒளி வருகின்றது. வானம் நீலமாதலால் நிழலிலும் நீலச் சாயல் ஏறுகின்றது. வெள்ளைப் பனியின் மேல் விழும் நிழலில் இது நன்கு தெரியும். நாம் அறிந்து வைத்திருப்பது ஒன்று, கண் காண்பது வேறொன்று என்றால், கண் காண்பதையே தீட்டுவேன் என்பதுதான் மனப்பதிவுவாதிகளின் உறுதி.

இரண்டாவது குற்றச்சாட்டு, வெளியே நிற்கும் மரங்களின் நிழல் பற்றியது. பழைய மரபிலே சித்திரம் என்பது ஒரு நாடக மேடை போன்றது. காட்சிக்கு வேண்டிய யாவும் சட்டத்தினுள்ளே அடங்கியிருக்க வேண்டும். மரம் இல்லாமல் மரநிழல் மாத்திரம் வருவது, நடிகன் மேடையிலே இல்லாமல் அவன் குரல் மட்டும் கேட்பதுபோற் குறையாகத் தோன்றியது. ஆயின், நாம் ஒரு வயலோரத்திலே நிற்கும்போது நம் கண்முன் உள்ளதை மட்டுமா அவ்வயல் கொண்டிருக்கின்றது? நமக்குப் பின்னே நிற்கும் மரமும் தன் நிழலை நம் முன்னே நீட்டுகின்றது. பிசாரோவின் மரங்கள் சட்டத்துக்கு இப்பால், நாம் நிற்கும் பக்கத்திலே நிற்கின்றன. அவற்றின் நிழல் நம் காலடியைக் கடந்து வயலுக்குள் செல்கின்றது. ஆகவே, பார்ப்பவர் சாளரத்தின் வழியே வேறோர் உலகை எட்டிப் பார்ப்பவராக இல்லை. முதியவர் நடந்து செல்லும் அதே நிலத்தில், அதே குளிரில், அவரும் நிற்கின்றார்.

மூன்றாவது குற்றச்சாட்டு, பொருளின் எளிமை பற்றியது. இதுவே மூன்றினுள்ளும் ஆழமானது. கோவாவும் விறகும் சித்திரத்துக்குரிய பொருளாகுமா என்னும் வினா, அவற்றை விளைத்தும் சுமந்தும் வாழும் மனிதர் சித்திரத்துக்கு உரியவராவரா என்னும் வினாவுமாகும்.

கமக்காரரைத் தீட்டியவர்களில் பிசாரோ முதல்வரல்லர். அவருக்கு முன்னரே மில்லே என்னும் பெருங்கலைஞர் இருந்தார். அவர் நோர்மண்டியிலே உழவர் குடும்பத்திற் பிறந்தவர். 1857ஆம் ஆண்டில் அவர் தீட்டிய 'கதிர் பொறுக்குவோர்' என்னும் சித்திரத்திலே, அறுவடை முடிந்த வயலிற் சிந்திய கதிர்களைப் பொறுக்கும் மூன்று பெண்கள் சிலைபோலப் பெரிதாகக் குனிந்து நிற்கின்றனர். மாலை மணி கேட்டு வயலிலே தலைகுனிந்து வழிபடும் ஆணையும் பெண்ணையும் அவர் தீட்டிய மற்றொரு சித்திரம், அவர் இறந்து 14 ஆண்டுகளின் பின்னர், 1889இல் 553,000 பிராங்குக்கு ஏலம் போயிற்று. மில்லேயின் கமக்காரர் உழைப்பின் சுமையைத் தாங்கும் பேருருவங்கள். அவர்களை நோக்கும்போது நம் உள்ளத்தில் இரக்கமும் பக்தியும் எழுகின்றன.

பிசாரோவை மில்லேயோடு ஒப்பிட்டுப் பேசியோர் உண்டு. அவ்வொப்பீட்டை அவர் விரும்பவில்லை. வழிபாட்டுச் சித்திரத்திலே உணர்ச்சி மிகைப்பட்டுள்ளது என்றே அவர் கருதினார். 'உறைபனி' சித்திரத்து முதியவரைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். அவர் உருவம் சிறியது. முகத்தின் விவரங்கள் இல்லை. அவர் நம்மை நோக்கவில்லை. தாம் நோக்கப்படுவதை அறிந்தவராகவும் இல்லை. மண்ணுக்குத் தீட்டிய அதே தீற்றல்களால், அதே நிறங்களால் அவரும் தீட்டப்பட்டுள்ளார். வீட்டில் அடுப்பெரிய வேண்டும்; அதற்கு விறகு வேண்டும்; ஆகவே நடக்கின்றார். அவருக்காகக் கண்ணீர் விடும்படி சித்திரம் நம்மைக் கேட்கவில்லை. அவரை வீரராக வணங்கும்படியும் கேட்கவில்லை. அக்காலையிலே அப்பாதையில் அவர் நடந்தார் என்பதைக் கண்டுகொள்ளும்படி மாத்திரம் கேட்கின்றது. பனியின் வெண்மை நம் கண்ணுக்கு இனிதாயிருக்கின்றது. அதே பனியினால் அவருக்கு அந்த விறகு வேண்டியதாயிற்று. இரண்டையும் ஒரே வயலில் வைத்து, எதனையும் விளக்காமல் விட்டிருப்பதே இச்சித்திரத்தின் பெருமை என்று நான் எண்ணுகின்றேன்.

இவ்வாறு காணும் பார்வை பிசாரோவுக்கு எங்ஙனம் வாய்த்தது? அவர் பாரிஸ் நகரத்துச் செல்வர் அல்லர். 1830ஆம் ஆண்டிலே, மேற்கிந்தியத் தீவுகளில் அக்காலம் டேனியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சென்ற் தோமஸ் தீவில், யூத வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையாரின் கடையிற் கணக்கெழுதும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வெனிசுவேலாவுக்குச் சென்று சித்திரம் தீட்டிப் பழகிய பின்னர், 1855இல் பிரான்ஸ் சேர்ந்தார். அவர் மனைவியார் ஜூலி, திராட்சைத் தோட்டக் குடும்பத்துப் பெண். பிசாரோவின் பெற்றோர் வீட்டிலே பணிபுரிந்தவர். கிராமத்து உழைப்பைப் பற்றிய அறிவு அவ்வில்லத்தில் அன்றாடம் இருந்தது. ஆயினும், பிசாரோ கிராமத்தைக் கனவுலகமாகவும் ஆக்கவில்லை. 'உறைபனி' தீட்டிய அதே 1873இல், போந்துவாஸ் அருகே ஆற்றங்கரையிலே புகைபோக்கியுடன் எழுந்த தொழிற்சாலையையும் அவர் தீட்டினார்.

இப்பார்வைக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1870இல் பிரஷ்யப் படை பிரான்ஸ் மீது வந்தபோது, அவர் குடும்பத்துடன் இலண்டனுக்குச் சென்றார். அவர் வாழ்ந்த வீட்டிலே படையினர் தங்கினர். அங்கே விட்டுச் சென்ற ஏறத்தாழ 1,500 படைப்புகளுள் 40 அளவே எஞ்சின என்பர். சேறு காலிற் படாதிருக்கச் சித்திரச் சீலைகளை நிலத்தில் விரித்து நடந்தனராம். 1874ஆம் ஆண்டுக் கண்காட்சி திறப்பதற்குச் சில நாட்களின் முன், ஒன்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அவர் மகள் ஜீன் இறந்தாள். கண்காட்சியோ நட்டத்தில் முடிந்தது. ஆண்டிறுதியிற் கணக்குப் பார்த்தபோது உறுப்பினர் ஒவ்வொருவரும் 184 பிராங்கு 50 சதம் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தனர். சங்கம் கலைக்கப்பட்டது.

இத்துணைக்குப் பின்னரும் அவர் வழி மாறவில்லை. 1874 தொடக்கம் 1886 வரை அம்மரபினர் நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் தம் படைப்பை வைத்தவர் பிசாரோ ஒருவரே. கோவாத் தோட்டங்களையும், ஆப்பிள் பறிக்கும் பெண்களையும், வைக்கோல் அள்ளுவோரையும், சந்தைக்கு வந்தோரையும் அவர் தொடர்ந்து தீட்டினார். செசான் போந்துவாஸிலே அவரருகில் இருந்து வேலை செய்து பழகினார். தம் இறுதிக் காலத்திலும் தம்மைப் பிசாரோவின் மாணவர் என்றே குறிப்பிட்டார். 1903ஆம் ஆண்டு பிசாரோ காலமானார். 2024ஆம் ஆண்டிலே அம்முதற் கண்காட்சியின் 150ஆவது ஆண்டு நிறைவை ஓர்சே நூதனசாலை பெருவிழாவாகக் கொண்டாடியது. நகைத்தவர்களின் கட்டுரைகள் இன்று படிக்கப்படுவது, அவர்கள் எவற்றைக் கண்டு நகைத்தனரோ அவற்றின் பொருட்டேயாகும்.

நேயர்களே, இச்சித்திரத்தின் அச்சுப் பிரதியை நூல்நிலையத்திலுள்ள சித்திர நூல்களில் நீங்கள் காணக்கூடும். காணும்போது முதலில் முதியவரைத் தேடவேண்டாம். அடிப்பாகத்திலே விழுந்து கிடக்கும் நிழலைப் பாருங்கள். அதன் நிறம் யாதெனக் கேளுங்கள். அதன் மரம் எங்கே நிற்கின்றதென எண்ணிப் பாருங்கள். பின்னர், சால்களின் வழியே கண்ணை மெல்ல மேலே செலுத்துங்கள். அவ்வாறு செல்லும் கண், பாதையிலே விறகுடன் நடப்பவரிடம் தானாகவே போய்ச் சேரும். அப்போது அவர் ஒரு சித்திரத்தில் உள்ளவராகத் தோன்றமாட்டார்; குளிர்ந்த காலையொன்றில், நமக்குச் சற்று முன்னே, தம் வீட்டை நோக்கிச் செல்லும் ஓர் அயலவராகவே தோன்றுவார்.